ஜெபதாஸுக்கு இரண்டு சீட்டு

தலையில் முதல் நரைமுடி தெரிந்த அன்று ஜெபதாஸ் வீட்டில் சேமியாப் பாயசம் வைத்தார்கள். யாங்கூனில் இப்போது ஆண்பிள்ளைகள் கிழவனாவதற்கு அவ்வளவு அவசரப்படுகிறார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுவதில்லை என்று சட்டம் சொல்கிறது. ஜெபதாஸ் அந்த வயதைத் தாண்ட இன்னும் ஒரு வருஷம் பாக்கியிருந்தது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டால் போதும். வாழ்க்கை லட்சியம் என்ன என்று கேட்டால் அதைத்தான் சொல்வார். கதவைத் திறந்தால்தானே கேட்க முடியும்.

போட்டாதாங் படகுத்துறைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒடுக்கமான ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் அவர் வீடு. வார்டு எண்ணைச் சொல்வதற்கில்லை. சொன்னால் அந்த வார்டிலுள்ள இன்வெர்ட்டர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். ஜெபதாஸின் தொழில் அதுதான். கரண்ட் ஒழுங்காக வருகிற ஊரில் இந்தத் தொழிலுக்கு மரியாதை கிடையாது. யாங்கூனில் டாக்டருக்கு அடுத்த இடம்.

முன்பு தெருமுனையில் கடை வைத்திருந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்ற பையன்கள் வீடு திரும்பவில்லை என்ற பேச்சு காதில் விழ ஆரம்பித்ததும் கடையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். இந்த ஊர் மாடிவீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேல் நுனியில் மணி. ரொட்டிக்காரர் கீழேயிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஜெபதாஸ் அந்த இடத்தில் தடித்த கயிறாகப் போட்டு, ஒரு கூடையையும் கட்டிவிட்டார். பழுதான போர்டுகள் கூடையில் ஏறின, சரியானவை இறங்கின. முகம் மட்டும் இறங்கவில்லை.

யாராவது கதவைத் தட்டினால் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். ரோஸ்லினுக்கு எட்டு வயது, ஆண்ட்ரூவுக்கு ஐந்து. ஒளிந்து விளையாடுவதில் எங்கள் அப்பாவை அடிக்க ஆளில்லை என்று ஆண்ட்ரூ பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துவிட்டு வந்தான். அதைக் கேட்டு ஜெபதாஸ் மூன்று நாள் சாப்பிடவில்லை.

இவ்வளவு ஒளிந்தும் பயனில்லாமல் போயிற்று. மாதாமாதம் வார்டு ஆபீசில் குலுக்கல் நடக்கும். வயதுக்குள் வருகிற ஆண்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு ஜாடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வருகிற பெயருக்குரியவன் பட்டாளத்துக்குப் போகவேண்டும். அந்த மாதம் ஜாடிக்குள் போகும் பெயர்களை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஜெபதாஸின் மனைவி பெர்சிஸ் மீன் வாங்கப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஒரு புருஷனை வச்சே சமாளிக்க முடியல. எனக்கு ரெண்டு பேருன்னு சுவத்துல ஒட்டியிருக்கான்.”

இந்த ஊர்த் தமிழனுக்கு வழக்கமாக இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் ஜெபதாஸ். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியாரம்மா வாயில் அது நுழையாததால் சோ நைங். குடும்ப அட்டையில் ‘சோ நைங் என்கிற ஜெபதாஸ்’ என்று முறையாகவே எழுதியிருந்தது. அதைப் பார்த்து எழுதிய குமாஸ்தா ‘என்கிற’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, சோ நைங்கை ஒரு ஆளாகவும் ஜெபதாஸை இன்னொரு ஆளாகவும் ஆக்கிவிட்டார். ஆக, ஒருவருக்கு இரண்டு சீட்டு.

“போய்த் திருத்தச் சொல்லலாம்ல?” என்றார் பெர்சிஸ்.

“போனா மூஞ்சியைப் பாத்துருவாங்களே.”

பேச்சு அத்தோடு முடிந்தது.

இதற்கிடையே மழை விட்டு, ஆற்றுக் காற்றில் லேசாகக் குளிர் சேர்ந்தது. தெருவுக்குத் தெரு மீன் விளக்கும் முயல் விளக்கும் தொங்கின. வடக்கேயிருந்து கடற்பறவைகள் ஆற்றுக்கு வந்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அக்கரையிலுள்ள தலாவுக்குப் போகிற படகில் ஏறி, பொரித்த தீனியை மேலே எறிந்தால் அவை வந்து கொத்திக்கொண்டு போகும். வருஷத்தில் இந்தக் கொஞ்ச நாள்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

“பேப்பே, படகுல போலாம்,” என்றாள் ரோஸ்லின். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் பேப்பே.

“அடுத்த வருஷம்.”

“போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னே.”

ஜெபதாஸ் ஒரு டிரான்ஸ்ஃபார்மரைக் கையில் எடுத்து ஊதினார். அதில் தூசி எதுவும் இல்லை.

விளக்குப் பண்டிகையான தசௌங்டைங் பௌர்ணமி வந்தது. அந்த இரவு கழிந்து காக்கை எழுந்திருப்பதற்குள் பர்மாக்காரர்கள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். சீமனோ என்று பெயர். சின்னஞ்சிறுசுகள் அடுத்த வீட்டு வாசலில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருச்சந்தியில் குவித்துவிடுவார்கள். பூந்தொட்டி, செருப்பு, தேநீர்க்கடை முக்காலி, எது கிடைத்தாலும் சரி. விடிந்ததும் உரியவர்கள் வந்து, சிரித்துவிட்டு எடுத்துப்போக வேண்டும். கோபப்படக் கூடாது. பறிகொடுத்தவன் சிரித்தே ஆகவேண்டும் என்று வழக்கம் வைத்திருக்கும் ஊர் இது. மற்ற நாட்களுக்கும் சேர்த்துப் பழகிக்கொள்கிறார்களோ என்னவோ.

ஒரு பண்டிகைக்கும் விடவில்லையே என்று மனசு கேட்காமல், மாடிவீட்டுப் பர்மாப் பெண்ணோடு ரோஸ்லினையும் ஆண்ட்ரூவையும் தெருவுக்குள் மட்டும் போய்வரப் பெர்சிஸ் விட்டுவிட்டார்.

ஜெபதாஸ் கண் விழித்தபோது ஜன்னல் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கூடத்தில் பிள்ளைகள் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் ஜாடியை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு மூடி. உள்ளே மடித்த சீட்டுகள்.

“பேப்பே, பாரேன்! இதுல மெழுகுவத்தி வச்சா நல்ல விளக்கு வரும். அதான் சந்தியில போடாம எடுத்துட்டு வந்துட்டேன்.”

“எங்கேர்ந்து எடுத்தே?”

“ஆபீஸ்லேர்ந்து.”

“எந்த ஆபீஸ்?”

“கொடி இருக்குமே, அது. கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. காவல் மாமாங்க எல்லாம் பௌர்ணமிக்குச் செய்வாங்களே, அந்த மெஸலி மொட்டு சாலட் சாப்பிடப் போயிட்டாங்க.”

மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. ஆண்ட்ரூ முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தான். பெட்டிக்கடையில் இதே மாதிரி ஜாடியில் சீட்டு எடுத்தால் பலூனோ ஊதலோ கிடைக்கும்.

“எனக்கு ஊதல் வரணும்,” என்றான் கண்ணை மூடிக்கொண்டு.

“எடுக்காதே!”

ஜெபதாஸ் போட்ட சத்தத்தில் ஆண்ட்ரூ அழ ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து ஓடிவந்த பெர்சிஸ் ஜாடியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், போய்க் கதவைத் தாழிட்டார்.

“பூந்தொட்டி எடுத்துட்டு வரும்னு நெனச்சேங்க. சத்தியமா.”

“இது என்னன்னு தெரியுதா உனக்கு?”

“தெரியுது. கவுத்துங்க.”

“என்னது?”

“பாயில கவுத்துங்க. உங்க ரெண்டையும் தேடி எடுத்துருவோம்.”

ஜெபதாஸ் யோசித்தார். “ஒண்ணு எடுத்தாப் போதும். ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு இருக்கட்டும். அதான் நியாயம்.”

“நியாயத்தை வச்சுக்கிட்டு காட்டுல துப்பாக்கி தூக்கப் போறீங்களா? ரெண்டையும் எடுங்க!”

பாயில் குன்று மாதிரிச் சீட்டுகள் விழுந்தன. இருவரும் பிரித்தார்கள். தெரிந்த பெயர்களாகவே வந்தன. முட்டை கொண்டுவந்து போடுகிற பையன். சர்ச்சில் கிடார் வாசிக்கிறவன். மூன்றாம் வீட்டு ஜமால், அவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம். ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து, அதே மடிப்பில் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது. ஜெபதாஸின் விரல்கள் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்துப் பழகியவை. அன்று ஒரு காகிதத்தை மடிக்க வரவில்லை.

பெர்சிஸ் ஒரு சீட்டைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

“என்ன, கெடைச்சிருச்சா?”

“நம்ம தனா.”

தனசேகரன் கீழ்வீட்டுப் பையன். அம்சவேணி அக்காவின் ஒரே மகன். அப்பா குழந்தைவேலு மலேசியாவில் வேலை பார்க்கிறார். ஜப்பானுக்குப் போகவென்று ஜப்பான் மொழி படித்து, பரிட்சையும் தேறி, நாட்டைவிட்டு வெளியே விடமாட்டோம் என்று சர்க்கார் சொல்லிவிட்டதால் மாடிப்படியில் உட்கார்ந்து ரோஸ்லினுக்கு ஜப்பான் மொழியில் எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறவன்.

“இதையும் எடுத்துரலாமா?”

அந்த நேரம் பால்கனி மணி அடித்தது. இருவரும் துள்ளிவிட்டார்கள். மறுபடி அடித்தது. தெருவிலிருந்து அம்சவேணியின் குரல்.

“பெர்சிஸ்! ஏ பெர்சிஸ்! சாமானெல்லாம் குவிச்சு வச்சிருக்காங்க, வந்து பாரு! ஒங்க வாசமிதியடியும் கெடக்கு!”

“நம்மளோடதைத் தேடு,” என்றார் ஜெபதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. “அடுத்தவன் சீட்டு நமக்கு எதுக்கு? எண்ணிப் பாத்து ரெண்டு மூணு குறையுதுன்னு தெரிஞ்சா வீடு வீடா வருவாங்க. உள்ள போடு.”

பெர்சிஸ் உள்ளே போட்டார். மணி மூன்றாம் தடவை அடித்தது. காக்கைகள் கத்த ஆரம்பித்திருந்தன. இதற்குமேல் தேட நேரமில்லை. பிரித்தது, பிரிக்காதது எல்லாவற்றையும் அள்ளி ஜாடிக்குள் திணித்து மூடியைத் திருகினார்கள். ஜெபதாஸின் இரண்டு சீட்டும் உள்ளேயேதான் இருந்தன.

இனி ஜாடியைச் சந்திக்குக் கொண்டுபோக வேண்டும். ஜெபதாஸ் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பெர்சிஸ் புடவைக்குள் மறைக்கலாமா என்று பார்த்தார். ஜாடி மறையவில்லை, எட்டு மாதக் கர்ப்பம் மாதிரி இருந்தது.

“ரோஸ்லினே தூக்கிட்டுப் போகட்டும்,” என்றார் ஜெபதாஸ். “புள்ள கையில இருக்கிறவரைக்கும் இது பண்டிகை. நம்ம கையில இருந்தா கேசு.”

சொல்லி முடித்தபிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அதற்குள் பெர்சிஸும் பிள்ளைகளும் படியிறங்கியிருந்தார்கள்.

பால்கனியில் உலரப் போட்டிருந்த லுங்கிக்குப் பின்னால் நின்று ஜெபதாஸ் பார்த்தார். சந்தியில் நல்ல கூட்டம். வார்டு ஆபீஸ் பெயர்ப்பலகையை யாரோ குப்பைத் தொட்டியின்மேல் சாத்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் கூட்டத்துக்குள் நுழைந்து, ஜாடியைப் பூந்தொட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு உடனே வந்துவிடு என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் நின்றது வார்டு தலைவர் ஊ தின் மாங்.

அவர் ஜாடியைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. வெற்றிலைக் கறைப் பல் தெரிய, வரி கட்டுகிறவர் மாதிரிச் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள்.

“கெட்டிக்காரப் பொண்ணு! ஆபீசையே தூக்கிட்டு வந்துட்டியா?” தலைவர் குமாஸ்தாவின் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கினார். “குலுக்கல் சாயங்காலம்னு சொல்லியிருந்தோம். எல்லாரும்தான் இங்கேயே இருக்கீங்களே, இப்பவே முடிச்சிருவோம். வா தமீ, வா மகளே, நீயே எடு. கொழந்தை கை, கள்ளமில்லாத கை.”

சிரிப்பு நின்றது. ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

மேலே ஜெபதாஸ் லுங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெர்சிஸ் ஒரு அடி முன்னால் வைத்து அப்படியே நின்றார். ரோஸ்லின் ஜாடிக்குள் கைவிட்டாள். ஊதல் எடுக்கப்போன தம்பியை அப்பா என்ன போடு போட்டார் என்று அவள் காலையில் பார்த்திருந்தாள். எதுவோ ஒன்று விரலில் வந்தது. வெளியே எடுத்தாள். தலைவர் கையை நீட்டினார்.

ரோஸ்லின் அந்தச் சீட்டை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

தலைவரின் முகத்தில் சிரிப்பு இறங்கி, வேறு ஏதோ ஏற ஆரம்பித்தது. அப்போது கூட்டத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. அம்சவேணி.

“ஐயோ, மிட்டாய்னு நெனச்சுட்டா! பாருங்கய்யா, மிட்டாய்னு நெனச்சு முழுங்கிட்டா!” என்று பர்மிய மொழியில் கத்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்திலிருந்த முட்டைக்காரி சிரித்தாள். ஜமாலின் மாமியார் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. பண்டிகை நாளில் கோபப்படக் கூடாது என்பது தலைவருக்கும் சேர்த்துத்தான். அவரும் சிரித்தார்.

“மிச்சத்தைச் சரிபாத்து, எந்தப் பேருன்னு...” என்று குமாஸ்தா இழுத்தார். பௌர்ணமி இரவு முழுக்க விழித்த கண்.

“விடு. இன்னொன்னு எடு. நீயே எடு,” என்றார் தலைவர்.

குமாஸ்தா எடுத்தார், பிரித்தார், ஒலிபெருக்கியில் படித்தார். தமிழ்ப் பெயர் அவர் வாயில் துண்டு துண்டாக உடைந்தது.

“தா... ன... சே... கா... யன்.”

அம்சவேணியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி. தலைவர் அவர் தோளைத் தட்டினார். நாளைக் காலையில் மகனை ஆபீசுக்கு அழைத்துவரச் சொன்னார். பிறகு தன்னுடைய பெயர்ப்பலகையைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஜெபதாஸ் வீட்டுக் கூடை மூன்று தடவை மேலே வந்தது. ஒன்றில் தேங்காய்ப்பால் அல்வா, ஒன்றில் கேக், ஒன்றில் வாழைப்பழம். எல்லாம் ரோஸ்லினுக்கு. விழுங்கப்பட்டது தன் மகன் பெயர்தான் என்று தெருவிலுள்ள ஒவ்வொரு தாயும் தீர்மானித்திருந்தாள்.

நாலாவதாக வந்தது கதவுத் தட்டல். ஜெபதாஸ் அலமாரிப் பக்கம் போகாமல் தானே போய்த் திறந்தார். அம்சவேணி உள்ளே வந்து, ரோஸ்லினின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“கண்ணு, அத்தைகிட்டே சொல்லு. அந்தச் சீட்டுல யாரு பேரு இருந்துச்சு?”

“படிக்கல அத்தை. பயமா இருந்துச்சு. வாயில போட்டுட்டேன்.”

அம்சவேணி தலையை ஆட்டினார். அவளைத் திட்டவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அவள் அப்பாவின் பெயராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாருடைய பெயரோ எட்டு வயதுப் பிள்ளையின் வயிற்றில் கரைந்துகொண்டிருந்தது.

“தனா என்ன பண்றான் அக்கா?” என்றார் ஜெபதாஸ்.

“சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான். அவுங்கப்பாவுக்குப் போன் போட்டா எடுக்கல, ஷிஃப்டுல இருக்காரு போல.” கொஞ்சம் பொறுத்து, “தலாவுக்கு அந்தப் பக்கம் த்வாண்டேல எங்க பெரியம்மா மகன் இருக்கான், நெல்லு வயலு. அங்க ஒரு நாலு நாள் இருந்தா... ஆனா துறையைத் தாண்டணுமே தம்பி. தனியாப் போற பையனை அங்கேயே புடிச்சிருவாங்க.”

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாயில் விழுந்த அந்தச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கையில் பிள்ளையோடு போகிறவனைப் பிடிப்பதில்லை என்று ஊரில் ஒரு நம்பிக்கை. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் சட்டத்தைவிட அது கொஞ்சம் நம்பும்படியாக இருந்தது.

“நாங்க இன்னைக்குப் பிள்ளைங்களைத் தலா படகுக்குக் கூட்டிட்டுப் போறோம் அக்கா,” என்றார் ஜெபதாஸ். குரல் பாதியில் உள்ளே போய்த் திரும்பி வந்தது. “பறவைக்குத் தீனி போட. தனாவையும் கூட்டிட்டுப் போறேன்.”

“நீயா?” என்றார் அம்சவேணி.

ரோஸ்லின் குதித்தாள். ஆண்ட்ரூ காரணம் தெரியாமல் அவளோடு சேர்ந்து குதித்தான்.

பெட்டி எடுத்துப்போனால் சந்தேகம் வரும். அதனால் தனசேகரன் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரே காலையில் பெருத்துப்போயிருந்தான்.

“தனா மாமா குண்டாயிட்டாரு,” என்றான் ஆண்ட்ரூ.

“ஆமாடா. வா, தோள்ல ஏறு.”

ஜெபதாஸ் தெருவில் நடந்தார். வெயிலில் கண் கூசியது. பழக்கமில்லாத செருப்பு காலைக் கடித்தது. எதிரே வந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகப் பட்டது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

படகுத்துறை வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர். ஒருவருக்குத் தனசேகரன் வயதுதான் இருக்கும். அவர் தனசேகரனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“அட்டை.”

தனசேகரனின் கழுத்தில் ஆண்ட்ரூவின் கால்கள் இறுகின. ஜெபதாஸ் முன்னால் வந்தார். இத்தனை நாள் யாருக்கும் காட்டாத தன் அடையாள அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

“என் தம்பி. பிள்ளைங்களுக்குப் பறவை காட்டப் போறோம் அய்யா.”

“அவன் அட்டை எங்கே?”

“ஒண்ணுக்கு வருது,” என்றான் ஆண்ட்ரூ மேலேயிருந்து. “இப்பவே வருது.”

தனசேகரனின் தலைக்கு வரப்போகும் ஆபத்தைப் பார்த்துத் துப்பாக்கிக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். ஜெபதாஸின் அட்டையை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு, போங்கள் என்று கையாட்டினார்.

படகு கிளம்பியதும் பறவைகள் வந்துவிட்டன. வெள்ளை வெள்ளையாய், கூச்சல் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பிக்கு நேராக மிதந்தன. ரோஸ்லின் தீனியை எறிந்தாள். ஒன்று தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்துக் கவ்வியது. அவள் கத்திய கத்தலில் படகில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஆண்ட்ரூ பாதியைப் பறவைக்கும் பாதியைத் தனக்கும் போட்டுக்கொண்டான்.

“பேப்பே, நாளைக்கும் வரலாமா?”

ஜெபதாஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் உறைத்தது. நாளைக் காலையில் தனசேகரன் ஆபீசுக்கு வரமாட்டான். தேடுவார்கள். துறையில் விசாரிப்பார்கள். துறையில் இருப்பது தனசேகரனின் அட்டை அல்ல. இரண்டு பெயரும் முகமும் சேர்ந்த ஒரு படம், ‘என் தம்பி’ என்ற சாட்சியத்தோடு ஒரு போனில் இருக்கிறது. போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

படகிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். போனில் யார் கேட்கிறார்கள் என்று தெரியாததால் இந்த ஊரில் எல்லோரும் ஒரு மாதிரித்தான் பேசுவார்கள்.

“பறவை நிறைய இருக்கு. நீயும் வந்து பாரேன்.”

“சோறு வடிச்சிட்டேங்க.”

“சோத்தையும் எடுத்துட்டு வா. பிள்ளைங்க ஸ்வெட்டரையும்.”

மறுமுனையில் குழாயை மூடுகிற ஓசை கேட்டது.

“எத்தனை நாளைக்குப் பறவை பாக்கப் போறீங்க?”

“தெரியல பெர்சிஸ்.”

“டெஸ்டர், பத்தவைக்கிற கம்பி எல்லாம் வேணுமா?”

“வேணும்.”

தலாவில் இறங்கி, துறைக்கு எதிரேயிருந்த தேநீர்க்கடையில் உட்கார்ந்தார்கள். தனசேகரன் ஆண்ட்ரூவை மடியைவிட்டு இறக்கவேயில்லை. ஆண்ட்ரூ நெளிந்தபோதெல்லாம் இன்னும் ஒரு பலகாரம் வாங்கிக் கொடுத்தான். ரோஸ்லின் கரையோரம் ஓடி ஓடி, காலிப் பாக்கெட்டைக் காட்டிப் பறவைகளை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். ஜெபதாஸ் வருகிற ஒவ்வொரு படகையும் பார்த்தார். முதல் படகில் பெர்சிஸ் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கூட்டம் இறங்கி முடித்து, கடைசியாக ஒரு சைக்கிளோ கோழிக்கூடையோ வரும். அதற்குப் பின்னால் யாரும் இல்லாத பலகை மட்டும் தெரியும்.

“மாமா, நீங்க திரும்பிப் போயிருங்க,” என்றான் தனசேகரன். “நான் போய்க்கிறேன். உங்க மேல ஒண்ணும் வராது.”

“பேசாம டீயைக் குடி.”

“எதுக்கு மாமா இவ்வளவு?”

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல ஜெபதாஸ் வாயைத் திறந்தார். ஆண்ட்ரூ தேநீரைக் கொட்டினான். துடைப்பதற்குத் துணி தேடுகிற வேலையில் அது அப்படியே போய்விட்டது.

அடுத்த படகில் பெர்சிஸ் வந்தார். ஒரு தோளில் ஆண்ட்ரூவின் பள்ளிப்பை, ஒரு கையில் தூக்குவாளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மாதிரித் தலைவாரிப் பூ வைத்திருந்தார். வழியில் யாரும் கேட்டால் உல்லாசமாகப் போகிறவள் மாதிரித் தெரிய வேண்டுமாம். கணவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“அக்கா வீட்டுக்குப் போனேன். சொல்லிட்டேன்.”

“எதை?”

பெர்சிஸ் தேநீர்க்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக் குரலைத் தணித்தார்.

“காலைல தனா சீட்டு என் கையில இருந்ததை. திரும்ப உள்ள போட்டதை.”

ஜெபதாஸ் ஆற்றைப் பார்த்தார். அக்கரையில் தங்கள் தெரு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. நான் வந்துட்டேன். படி இறங்கும்போது கூப்பிட்டு, வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.”

“சாவியா? எதுக்கு?”

“கரண்ட் வந்து மோட்டார் ஓடினா, தண்ணி புடிச்சு வைக்கிறேன்னாங்க.”

த்வாண்டே, த்வாண்டே என்று பிக்கப் டிரைவர் கூவிக்கொண்டிருந்தார். ஜன்னலோர இடத்துக்காக ரோஸ்லினும் ஆண்ட்ரூவும் சண்டை போட்டுக்கொண்டே ஓடினார்கள். பின்னால் மூன்று சட்டையோடு வியர்த்துக்கொண்டு தனசேகரன். ஜெபதாஸ் தூக்குவாளியை எடுத்துக்கொண்டார். அது இன்னும் சூடாக இருந்தது.